தயாராகாத மண்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலில், புது மாதிரி டிராக்டர் கலப்பையால் உழுது காட்ட ஒரு கம்பெனிக்காரர் வந்தார். வெள்ளை ஷூ போட்டிருந்தார். பத்தடிக்கு ஒருமுறை குனிந்து அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார்.

கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் விதைப்பு நெருங்கிவிட்டது. வயலோ காய்ந்து பாறையாகக் கிடந்தது. கலப்பை உள்ளே இறங்காமல் மேலாகக் கீறிக்கொண்டே போயிற்று.

அவர் அசரவில்லை. “கலப்பையில தப்பில்ல சார். உங்க மண்ணுதான் இன்னும் தயாராகல. ஒரு நல்ல மழை பெய்யட்டும்.”

“மழை பெஞ்சா மம்பெட்டியே இறங்கும். பின்ன இது எதுக்கு சாரே?” என்றார் பக்கத்து வயல்காரர்.

எங்கள் டிராக்டர் டிரைவர் இறங்கி, கலப்பையை வண்டியோடு மேலே இணைக்கும் கம்பியைத் திருகிக் குட்டையாக்கினார். கொழுமுனைகள் முன்பக்கம் குனிந்தன. வண்டி நகர்ந்ததும் மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்தது.

கம்பெனிக்காரர் உடனே செல்போனை எடுத்தார். “அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க” என்று டிரைவரை விலக்கிவிட்டு, “நம்ம கலப்பைக்கு எந்த மண்ணும் தயார்!” என்று வீடியோ பிடித்தார். குரலில் துளிக் கூச்சமில்லை.

எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. இருந்தும் மறுவாரம் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அதே கலப்பையை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று டிரைவர் கேட்கிறார். நான் அந்த வீடியோவை எடுத்து அவரிடம் காட்டுகிறேன்.