காவிரித் திட்டில் விதை போட்டவர்

ஈர ஆற்றுமணலின் வாசனை வந்தாலே பென்னாகரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். எண்பதுகளில் ஒரு மாசி மாதம். வெயில் குடித்துக் கறுத்த மெலிந்த கை, நிமிடத்துக்கு ஒருமுறை முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

நானும் நண்பனும் லீவுக்கு ஏற்பாடு பேசிக்கொண்டு வந்தோம். ஒகேனக்கல் பக்கம், காவிரி நடுவே ஒரு மணல்திட்டு. எட்டுப் பேர், ஒரு கூடாரம், மூன்று நாள் சும்மா கிடக்க வேண்டும்.

"ஈ காக்கா இல்லாத இடம்டா" என்றேன்.

அந்த அம்மா திரும்பினார். "யாருங்க சொன்னது? தண்ணி எறங்குனா அது என் வெள்ளரித் தோட்டமுங்க. இப்பத்தான் ரெண்டு எலை விட்டிருக்குது. எட்டுப் பேரு உருண்டா என்னங்க மிஞ்சும்?" முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். விதைகள். "மொளைக்காத குழிக்குப் போடப் போறேன்."

"பட்டா இருக்குங்களா?" நண்பன் சீண்டினான்.

"வருசா வருசம் காவேரி வந்து எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போறா. வருசா வருசம் நான் போய் மறுபடி நடறேன். அவளே பட்டா கேக்கல, நீங்க கேக்கறீங்க!"

பஸ்ஸே சிரித்தது. நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க வரலைங்கம்மா" என்றேன்.

இறங்கும்போது, சொந்த வீட்டுக்கு அழைப்பவரைப் போல நிமிர்ந்து நின்று சொன்னார்: "வராம என்ன? காய் பறிச்சு முடிச்சப்பறம் வாங்க. எங்க படுக்கலாம்னு நான் காட்டறேன்."