குணசீலன் தன்னுடையவையல்ல என்ற செடிகள்

குணசீலன் அவர்கள் காலமான செய்தி வந்தபோது, நோர்பரியில் என் மரக்கறிக் கடையில் வாழைக்காய்ப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய மனைவி சாந்தி. "நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் அண்ணே. எதையும் மறைக்காதீங்க" என்றார். ஐந்து வருடமாக அவர்கள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

மலேசியாவிலிருந்து தாவரவியல் படிக்க வந்து இங்கேயே தங்கியவர் அவர். என் கடைக்குத் துளசிக் கன்றுகள் கொண்டுவந்து பழக்கமானார். கடையின் பின்வளவில் சும்மா கிடந்த கண்ணாடிக் கூடத்தைச் செடி வளர்க்க அவருக்குக் கொடுத்தேன். வாடகை கேட்காமல் நான் கொடுத்த ஒரே இடம் அது.

முன்வரிசையில் துளசி. வெள்ளைத் திரைக்குப் பின்னால், அவர் சொன்னபடி, 'வெளிநாட்டுத் துளசி'. அங்கே யாரையும் விடமாட்டார். முளைத்த கன்றுகளில் இரண்டு மூன்றைத்தான் விதைக்கு வைப்பார், மற்றதெல்லாம் குப்பைக்கு. மணம் பார்க்கும் நாளில் வெங்காயம் தொடமாட்டார்.

"என்ன குணா, கலியாணம் பேசுற மாதிரியெல்லோ கிடக்கு!"

"அதேதான் அண்ணே. தாயும் தகப்பனும் சரியா அமைஞ்சா பேத்தியும் அதே மணம் மணக்கும். இது நாலாவது தலைமுறை. மோந்து பாருங்க."

தோடம்பழத் தோலின் மணம், உள்ளே கொஞ்சம் மிளகு. அவர் நீட்டிய, இலை நீக்கிய அந்தப் பூங்கதிரை, விசரன் நான், துளசியென்றே நம்பிக் கடைச் சாமிப்படத்துக்கு வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

பொலிஸ் வந்து திரையை இழுத்தபோதுதான் அது கஞ்சா என்று அறிந்தேன். என் முகத்தைப் பாராமல் அவர்களிடம் சொன்னார்: "செடி என்னுடையதல்ல. இடம் கடைக்காரருடையது. நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வருபவன்."

விசாரணை முடிந்து, ஆதாரம் போதாமல் பொலிஸ் எங்கள் இருவரையும் விட்டது. சனம் என்னை விடவில்லை. "அண்ணை, ஒரு பிடி முருங்கையிலை தாங்கோ. மற்ற இலையும் கிடக்கோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பெயர்.

ஒருநாள் மோர்டன் ஸ்டேஷனில் அவரை மறித்தேன். "செடி என்ரை எண்டு நாலு பேருக்கு முன்னாலை ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போதும்."

"பயமா இருக்கு அண்ணே" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நேற்று, சவப்பெட்டிக்குள் கோட் சூட்டோடு கிடந்தவரிடம் மறுபடி கேட்க வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். பூவைப் போட்டு விலகினேன்.

குணா, மன்னித்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நல்ல பொருளை நல்லதென்று சொல்லாதவன் வியாபாரியல்ல. அந்தச் செடிகள் உங்களுடையவை. நாலு தலைமுறையிலும் இம்மியளவும் மணம் பிசகாதவை. அப்படி வளர்க்க உங்களைத் தவிர இங்கே ஒருவராலும் ஏலாது. போய் வாருங்கள்.