இலவச ஆலோசனை

டெல்லி வேலைவாய்ப்பு அலுவலகத்தில், ஆலோசகர் மேசை முன்னால் நானும் அப்பாவும் நின்றோம், அம்மா வரவில்லை. ஆலோசகரும் தமிழர்தான். என் பி.ஏ. சான்றிதழை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"டைப்பிங் தெரியாதா? அப்புறம் எதுக்குடா டிகிரி? அப்பாகூடக் கல்லு தூக்கப் போ!"

பிறகு அப்பாவிடம், "சரோஜினி நகர்ல நம்ம வீடு. பாத்திரம் தேய்க்க ஆள் இருந்தா அனுப்புய்யா" என்றார்.

"என் சம்சாரமே வரும் சார். சம்பளம் வேணாம், பையனுக்கு ஒரு வழி பண்ணுங்க."

நான் வாயே திறக்கவில்லை.

அம்மா நான்கு மாதம் தேய்த்தாள். ஒரு நேர்முக அழைப்பும் வரவில்லை. போய்க் கேட்டேன். "ஜல்தி ஜல்தின்னா ஆகுமாடா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. பேசாமல் நின்ற என்மேலும் கோபம்தான்.

மற்ற வீடுகளில் அம்மாவுக்கு மாதம் முப்பது ரூபாய். அந்த இலவச ஆலோசனைக்கு நாங்கள் கொடுத்தது நூற்றிருபது ரூபாய்.