மருந்து நேரத்தில் கூப்பிடாதீர்கள்

என் மகள் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்கிறாள். அதற்காக அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு மிகச் சாதாரணமானது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நர்ஸை வார்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஃபேன் ஓடவில்லை, டிரிப்ஸ் முடிந்துவிட்டது, கேன்டீன் எந்தப் பக்கம், டாக்டர் எப்போது வருவார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கையிலிருக்கும் மருந்து மாறிப்போக இடமிருக்கிறது. மருந்து கொடுக்கும்போது மட்டும் நர்ஸ் ஒரு தனி நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டால் கூப்பிடுவது குறையுமா, தவறுகள் குறையுமா? இதுதான் அவள் கேள்வி.

துணி வாங்கிக் கொடுத்தது நான். சிவப்பு சிக்னலைப் பார்த்தால் நிற்கிறார்களே என்று சிவப்பாக வாங்கி, சேலையூரில் எங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்தேன். அம்மன் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் செவ்வாடையில் ரயிலேறும் காலம் அது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாளே மகள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எல்லாரும் என்னை சக்தின்னு கூப்பிடுறாங்க. ஒருத்தங்க எலுமிச்சம்பழத்த நீட்டி, தொட்டுக் குடுங்கன்றாங்க. முன்னவிட இப்பதான் கூட்டம் ஜாஸ்தி."

மஞ்சளும் கோயிலுக்குப் போகிறவர்கள் உடுத்தும் நிறம்தான், வேண்டாம் என்றாள். கடைசியில், சாலை போடும் ஆட்கள் அணிவதுபோல் கண்ணைப் பறிக்கும் பச்சையில் தைத்து, முதுகில் 'மருந்து நேரம், கூப்பிடாதீர்கள்' என்று அச்சடித்தோம். மெல்ல மெல்ல வார்டு பழகியது.

பிறகு அந்தப் பிற்பகல். ஒரு நோயாளியின் மகன் தன் அம்மாவுக்குத் தலையணை வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். இவள் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசியில் இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அவர் பின்னாலிருந்து மேலங்கியைப் பிடித்து இழுத்தார். மருந்து வண்டியின் விளிம்பில் மோதி இவள் நெற்றி கிழிந்தது. தையல் போட்ட நெற்றியோடுதான் அவளை அன்று பார்த்தேன்.

கேளம்பாக்கத்திலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். அங்கே ஐடி கம்பெனியில் சொல்லி வேறு வேலை வாங்கித் தருவதாகவும், இந்த வேலையே வேண்டாம் என்றும் சொன்னான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த நாள் மருத்துவமனை நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டபோது, அவளை வேலையிலிருந்து விடுவித்துக் கூட்டிவந்துவிடும் எண்ணத்தில்தான் உடன் போனேன்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் குடும்பம் கோபத்தில் இருக்கிறது, மேலங்கியை எடுத்துவிடலாம், ஆய்வை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். "அவங்ககிட்ட ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுதும்மா. நமக்கு பேஷன்ட்தானே முக்கியம்?"

"பக்கத்து பெட்ல இருந்தவரும் பேஷன்ட்தான் சார்," என்றாள் மகள். "நான் திரும்பியிருந்தா அவருக்கு டோஸ் மாறியிருக்கும். சாரி சொல்ல மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பெரியவங்க, நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்."

நான் மகளின் நெற்றித் தையலைப் பார்த்தேன், எழுந்தேன். "நாங்க நேரா போலீஸ் ஸ்டேஷன் போறோம் சார்," என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

புகார் கொடுத்தோம். அவளை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் மருந்து வண்டி இருக்கிறது, அங்கேயும் கூப்பிடுகிறார்கள். ஆய்வை அங்கே தொடர அவள் மறுபடி அனுமதி கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. மறுத்தால் வேறு மருத்துவமனையில் கேட்பாளாம்.

அவள் டூட்டியில் இருக்கும்போது போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் ஓடிப்போய் எடுக்கிறேன். அந்தப் பயம் போகாது போலிருக்கிறது. இதற்கிடையில் அந்தக் குடும்பத்தின் சார்பில் சமாதானம் பேச ஆட்கள் வருகிறார்கள். உட்காரவைத்துக் காபி கொடுக்கிறேன், சொல்வதை முழுக்கக் கேட்கிறேன். புகாரைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சொல்லி, வாசல்வரை போய் அனுப்பிவைக்கிறேன்.