மகளின் தலைச்சுற்றளவு

மருத்துவமாது நாடாவை மகளின் தலையில் இரண்டாம் தடவையும் சுற்றினார். முதல் அளவு சரியென்றால் ஏன் திரும்ப அளக்கவேண்டும்? மகளின் வளர்ச்சி அட்டையில் புள்ளி போட்டார். அது மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

"பயப்பிடாதேங்கோ. தலை கொஞ்சம் பெரிசாப் போகுது போல கிடக்கு. அடுத்த மாசமும் பாப்பம்," என்றார்.

பயப்பிடாதே என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் காத்திரு என்பது என்ன நியாயம்! வட்டக்கச்சியில் கிளினிக் நாளென்றால் உள்ளே முழுக்கத் தாய்மார்தான். தகப்பன்மார் வெளியே வேப்பமரத்தடியில் நின்று மழையும் உரமும் கதைப்பார்கள். அதுதான் வழக்கம், ஒருவரும் அவர்களை உள்ளே வராதே என்று சொன்னதில்லை. இவரும் அங்கேதான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். ஹெல்மெட் ஹாண்டிலில் தொங்கியது. எந்தக் கடையில் வாங்கினாலும் அது இவருக்கு இறங்காது. பொலிசைக் கண்டால் மட்டும் உச்சியில் தூக்கி வைப்பார்.

விஷயத்தைச் சொன்னேன். "இஞ்சேரும், என்ர மண்டையைப் பாரும்..." என்று சிரித்தபடி தொடங்கினார்.

"பகிடி விடுற நேரமே இது?" என்று பாய்ந்தேன். மனிதர் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்.

அன்று பின்னேரமே போனில் தேடத் தொடங்கினேன். மூளைக்குள் அறைகள் இருக்கின்றனவாம். எல்லோருக்கும் அவற்றில் தண்ணீர் போல ஒன்று ஊறி, வழிகளால் வெளியேறிக்கொண்டே இருக்குமாம். வழி அடைபட்டால் உள்ளே தேங்கி மூளையை நெரிக்குமாம். தண்ணீர் திறந்துவிடுகிற துருசு இறுகிப்போக, குளம் நிரம்பிக்கொண்டே இருக்கிற மாதிரி. குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டில் இருப்பவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

கைக்குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு இல்லை, தனித்தனித் தகடுகள். முதல் வருடத்தில் மூளை மளமளவென்று வளர்வதால் தகடுகள் ஒட்டாமல் அதற்கு இடம்விட்டு நிற்கும். அந்த இடைவெளிதான் உச்சிக்குழி. அது வீங்கினால் கூடாது என்று வாசித்தபிறகு எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு அடிப்பிடித்தது. மகள் பால் கக்கினால் நெஞ்சு பதறியது. போனில் வாசித்தபடி கண்ணின் கருமணி கீழே இறங்குகிறதா என்று, நல்ல நித்திரையில் கிடந்தவளை எழுப்பிப் பார்த்தேன். தையல் நாடாவால் அளக்கப் போனால் அவள் தலையை ஆட்டுவாள், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். பக்கத்து வளவு அக்கா, "மண்டை பெரிசெண்டா மூளை கூட. இவள் டொக்டர்தான்!" என்று கன்னத்தைக் கிள்ளினார். அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

அடுத்த மாதமும் புள்ளி கோட்டுக்கு மேலேதான். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார்கள்.

அங்கே பார்த்த பெண் டொக்டர் மகளின் தலையை நாடாவால் அளந்து, உச்சியில் விரல்வைத்துப் பார்த்தார். மகளோ அவருடைய கழுத்தில் தொங்கிய குழாயை இழுத்து வாயில் வைக்கப் பார்த்தாள். டொக்டர் அட்டையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "தகப்பன் எங்க?" என்று கேட்டார்.

"வெளியில."

"கூப்பிடுங்கோ."

கெட்ட செய்தி சொல்லத்தான் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார், வேறென்ன!

இவர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். கதிரையில் இருக்கச் சொல்லி, மகளை அளந்த அதே நாடாவை இவருடைய தலையில் சுற்றினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உங்கட மகளுக்கு வேற ஆரின்ர தலை வரும்?" என்றார். "எதுக்கும் ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாப்பம்."

உச்சிக்குழி மூடாதபடியால் அதற்குள்ளாலேயே பார்க்கலாமாம். கருவியை வைத்ததும் திரையில் மகளின் மூளை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இரண்டு பாதி, நடுவில் ஒரு பிளவு. ஒரு மாதமாக என்னை ஆட்டிவைத்த அந்த அறைகள் ஒடுங்கிய கறுப்புக் கீற்றுகளாகக் கிடந்தன.

"தண்ணி ஒண்டும் தேங்கேல்ல," என்றார் டொக்டர். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது. "உங்கட தலைதான் எண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்ல வெளிக்கிட்டனான். நீர் விடேல்ல."

மகளைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

பின்னேரம் மகளைக் குளிப்பாட்டும்போது உள்ளங்கையை அவளுடைய உச்சியில் வைத்தேன். மெத்தென்று, இளஞ்சூட்டோடு துடித்தது. இவர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து தொட்டுப் பாருங்கோ," என்றேன்.

கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து ஒற்றை விரலால் தொட்டார். உடனே எடுத்துவிட்டார். திரும்ப வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்களும் இவ்வளவு நாளும் தொடேல்லையோ?"

இவர் அந்தப் பெரிய தலையை இல்லையென்று ஆட்டினார்.