இருக்கேன் சார் பார்த்த ஒன்பது நாடகங்கள்

என் அக்காவின் கணவரை, அதாவது என் மச்சானை, அவர் வேலை செய்யும் பதினாறு மாடிக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இருக்கேன் சார்’ என்றால்தான் தெரியும். தரைத்தளத்தில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவருடையது. ஒரு மேஜை, ஆறு விளக்குகள், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கு எரியும். “யாராவது இருக்கீங்களா?” என்று ஸ்பீக்கர் அலறும். மூன்று விநாடிக்குள் மச்சான் பதில் சொல்லியாக வேண்டும்.

“இருக்கேன். பயப்படாதீங்க. கதவுல சாயாதீங்க. எத்தனை பேர் இருக்கீங்க?”

பத்தொன்பது வருடமாக இதே நான்கு வாக்கியங்கள். அவை வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா குளியலறையிலிருந்து “துண்டு எடுத்துக் குடுக்க ஆளில்லையா?” என்று கத்தினாலும் நான்கும் வரிசையாக வந்து விழும். உள்ளே தான் ஒருத்திதான் இருக்கிறாள் என்பதை அவளும் பல நூறு முறை உறுதி செய்துவிட்டாள்.

இப்படிப்பட்ட மனிதரை நாடகம் பார்க்கக் கூட்டிப்போகலாமா? கூடாது என்று அவர் மகள் ஏழு வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். பள்ளி நாடகத்தில் அவள் வழி தவறிய ஆட்டுக்குட்டி. பஞ்சு ஒட்டிய சட்டையோடு நடு மேடையில் நின்று “அம்மா எங்கே?” என்று ஏங்கினாள். நாலாவது வரிசையிலிருந்து பதில் வந்தது: “அம்மா பாத்ரூம் போயிருக்காம்மா! நான் இருக்கேன், பயப்படாத!” அன்று சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியருக்கு விக்கல் எடுத்து, பரிசு கொடுக்கும்போதும் நிற்கவில்லை. அதோடு சரி, மகளின் மேடைப் பக்கம் மச்சான் தலைவைத்துப் படுத்ததில்லை.

இப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையில் ஒரு நாடகக் குழுவில் மூன்று வருடமாக மேடை பெருக்கி, அட்டைச் சுவருக்குச் சாயம் அடித்து, இருமும் பெரிய நடிகைக்கு வெந்நீர் வைத்து, ஒருவழியாக அவளுக்கு ஒரு வேஷம் கிடைத்தது. சின்ன வேஷம் இல்லை, நாடகமே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே ஒரு காட்சி. நன்றாக வந்தால்தான் அடுத்த ஊர், அடுத்த மேடை எல்லாம்.

மூன்று அனுமதிச் சீட்டுகளை மேஜையில் வைத்து அவள் சொன்னாள்: “அப்பா, நீங்க வரணும்னு எனக்கு ஆசைதான். ஆனா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உங்க வாயிலருந்து வந்துச்சு, நான் அத்தோட நாடகத்தை விட்டுடுவேன். டைரக்டர் ரொம்பக் கண்டிப்பு. முடியாதுன்னா வராதீங்க, நான் தப்பா நெனக்க மாட்டேன்.”

மச்சான் பத்தொன்பது வருடத்தில் எடுக்காத விடுப்பை அன்றே எழுதிக் கொடுத்தார். ஆறு நாள். அந்த ஆறு நாளும் கண்ணில் படும் நாடகத்தையெல்லாம் பார்த்து வாயைக் கட்டப் பழகுவதாகத் திட்டம். துணைக்கு நான். செருப்புக்கடையில் விற்பனையாளன். கடைக்குச் சாயம் அடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் வீட்டில் இருந்தேன், மாட்டிக்கொண்டேன். அக்கா ஒரே ஒரு நோட்டை நீட்டினாள்.

“இதுல ஒரு நல்ல சீட்டுதான்க்கா வாங்கலாம்” என்றேன்.

“அப்ப மோசமான சீட்டா பாத்து நெறைய வாங்கு” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நல்லவேளையாக, எங்கள் ஊரில் அரங்குகளெல்லாம் ஒரே தெருவில் இருக்கின்றன. திங்கட்கிழமை, திரை விலகப் பத்து நிமிடம் இருக்கும்போது மிச்சம் கிடந்த சீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கினோம். துப்பறியும் நாடகம். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து, “இந்தக் கொலையைச் செய்தது யார்?” என்று கேட்டார். கேட்டால் சும்மா இருப்பாரா? “அந்தத் தோட்டக்காரர்தான் சார், கையைப் பின்னாலயே வச்சுக்கிட்டு நிக்கறாரு பாருங்க” என்றார் மச்சான். நாடகம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. பதினான்காவது நிமிடத்தில் நாங்கள் தெருவில் நின்றோம். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ரகசியமாகச் சொன்னார், தோட்டக்காரர்தானாம்.

செவ்வாய்க்கிழமை என் வித்தையைக் கையில் எடுத்தேன். இல்லை, காலில். பதினைந்து வருடமாக ஊரார் பாதத்தைப் பிடித்துப் பார்த்தவன் நான். எந்த விரலில் மிதித்தால் எலும்பு முறியாமல் உயிர் மட்டும் போய்வரும் என்பது எனக்கு அத்துபடி. தூணுக்குப் பின்னால் பாதி விலைக்கு இரண்டு இடம். மேடையில் யார் கேள்வி கேட்டாலும் மச்சானின் சுண்டுவிரல் மீது என் குதிகால் இறங்கியது. நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது பார்த்து, தூண் மறைக்காத ஓரத்துக்கு வந்த கதாநாயகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “மூச்சு முட்டுகிறதே!” என்றான்.

“சட்டை மேல் பட்டனைக் கழட்டுங்க! கதவுல சாயாதீங்க!”

நான் அடித்துச் சொல்கிறேன், அந்த ஆள் பட்டனைக் கழற்றினான். கதவை விட்டும் தள்ளி நின்றான். மச்சானின் குரலில் அப்படி ஒரு அதிகாரம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் மறுபடியும் தெருவில்.

“இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சே மாப்ள, நடிக்கறவங்கதான் எவ்வளவு பயப்படறாங்க!” என்றார் மச்சான்.

“அவங்க பயப்படலை மச்சான். நடிக்கறாங்க.”

“அது சரி. லிஃப்ட்ல மாட்டினவங்ககூடத்தான் பயப்படாத மாதிரி நடிப்பாங்க.”

இவரோடு என்ன பேச? தலையில் அடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காசே செலவில்லை. காலையில் ஒரு குழுவின் ஒத்திகை. மூன்று பேர் உட்காரும் சோபாவை மாடிப்படி வழியாக மேடைக்குத் தூக்கிவிட்டால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். தூக்கினோம். என் இடுப்பு இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறது. ஒத்திகையில் நடிகர்களே வசனத்தை மறந்து முழிக்க, மச்சான் பேசியது யாருக்கும் தவறாகப் படவில்லை. இரண்டு இடத்தில் அதையே வைத்துக்கொண்டார்கள். மாலையில் வசனமே இல்லாத ஊமை நாடகம், அனுமதி இலவசம். கேள்வி இல்லையென்றால் பதிலும் இல்லை அல்லவா என்று நினைத்தேன். மச்சான் ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிப்போனார். அந்த நிசப்தத்தில் அவர் விட்ட குறட்டைக்கு ஏற்றபடி மேடையில் இருந்தவர் நடக்க ஆரம்பித்துவிட்டார், பாவம்.

வியாழக்கிழமை நான் மிதித்தபோது மச்சான் அசையவில்லை. ‘அட, தேறிவிட்டாரே’ என்று பார்த்தால், காலில் இரும்பு முனை வைத்த வேலை ஷூ! கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால், “சுண்டுவிரல் நகம் போச்சு மாப்ள” என்று காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. அன்று இடைவேளை உத்தி. நாடகம் நீளமென்றால் பாதிப் பேர் இடைவேளையோடு கம்பி நீட்டிவிடுவார்கள், வாசலில் சீட்டும் கேட்க மாட்டார்கள். பகலில் ஒரு நாடகத்தின் பின்பாதி, மாலையில் இன்னொன்றின் பின்பாதி. இதை நான் ஒரு நாடகம் என்கிறேன், மச்சான் இரண்டு என்று சாதிக்கிறார். மாலை நாடகத்தில் தூக்கில் போட்ட மனிதருக்காக அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் இருந்த அம்மாள் எரிச்சலோடு, “அந்த ஆளா? முதல் பாதியில ஒரு குடும்பத்தையே எரிச்சவன்ங்க” என்றார். அழுகை பட்டென்று நின்றது. ஆனால் ஒன்று கவனித்தேன், அழும்போது அவர் பேசவில்லை. வாயில் வேறு வேலை இருந்தால் பேச்சு வராது!

வெள்ளிக்கிழமை நான் கண்டுபிடித்ததுதான் ஜவ்வு மிட்டாய். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒட்டவைத்துவிடும் கெட்டி ஜவ்வு, ஒரு பொட்டலம் ஒரு சீட்டு விலையில் கால்வாசிகூட இல்லை. அன்று மாணவர்கள் போட்ட நாடகம், மேடையிலிருந்து “நீதி எங்கே?” என்று பதினொரு தடவை கேட்டார்கள். மச்சானின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, “ம்ம்” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்க்கும் இடம். இரண்டரை மணி நேரம், முதல் முறையாக ஒரு முழு நாடகத்தைச் சத்தமில்லாமல் பார்த்து முடித்தார். வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்காவின் நோட்டில் மிச்சமிருந்த காசுக்கு ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். எனக்கும் அந்த ஆள் மீது பாசம் பொங்கிவிட்டது, மறைப்பானேன்.

ஞாயிறு வந்தது. மூன்றாவது வரிசை, நடு இடம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. மச்சான் வேலை ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு மிட்டாய்களை ஒரே நேரத்தில் வாயில் அடக்கியிருந்தார். விளக்கு அணைந்தது. திரை விலகியது.

மேடை நடுவில் ஒரு லிஃப்ட்.

அட்டையால் செய்த லிஃப்ட்தான். உள்ளே அலுவலக உடுப்பில் எங்கள் பெண். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோகிறது, அவ்வளவுதான் கதை. அப்பாவைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல டைரக்டர் எழுதிய நாடகமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் அது கிரீச்சிட்டது. பட்டனை வேறு தப்பான பக்கத்தில் வைத்திருந்தார்கள், அந்த வேதனையும் முகத்தில் தெரிந்தது.

எங்கள் பெண் என்னமாய் நடித்தாள்! முதலில் சிரித்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மெல்ல மெல்ல முகம் மாறியது. கதவைத் தட்டினாள். கடைசியில் சிவப்புப் பட்டனை அழுத்தி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“யாராவது இருக்கீங்களா?”

மச்சான் பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தாடை ஆடியது, பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த மூன்று விநாடி சும்மா கடந்துபோனது. சாதித்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அவள் அசையாமல் நின்றாள். கண்கள் வரிசை வரிசையாக இருட்டில் தேடின. மறுபடியும் கேட்டாள், இந்த முறை குரல் உடைந்திருந்தது.

“யாராவது... இருக்கீங்களா?”

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என் தோளில் எச்சில் வடித்துத் தூங்கிய பிள்ளை. இப்படிக் கேட்டால் கல்லும் பதில் சொல்லும்.

“இருக்கேம்மா! மாமா இருக்கேன்! பயப்படாத!”

எழுந்து நின்று கத்தியவன் நான்தான். மறுகணம் இரும்பு முனை ஷூ என் சுண்டுவிரலில் இறங்கியது. உயிர் போனது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேடையில் அவள் ஒரு கணம் எங்கள் வரிசையைப் பார்த்தாள். பார்த்தது என்னை இல்லை, பக்கத்தில் இருந்தவரை. முகம் அப்படியே மலர்ந்தது.

“எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டாள்.

சிரிப்பு எழுந்தது, பிறகு கைதட்டல். அது அடங்கும்வரை அவள் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து நாடகத்தை எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒற்றைக் காலில் நின்று தட்டியவன் நான் மட்டும்.

மேடைக்குப் பின்னால் டைரக்டர் என்னைக் காட்டி, “இந்த ஆளை இனிமே வாசல் பக்கம்கூட விடாதீங்க” என்றார். எங்கள் பெண் அதைக் காதில் வாங்காமல் நேரே அப்பாவிடம் வந்தாள்.

“வசனம் ஒரே தடவைதாம்பா. ரெண்டாவது நானா கேட்டது. ஒரு சத்தமும் வரலையா, நீங்க வரலைன்னே நெனச்சுட்டேன்.”

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். “ம்ம்... ம்ம்” என்றுதான் வந்தது. இரண்டு மிட்டாயும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒட்டியது விட்டது.

“இருந்தேம்மா” என்றார். “மொதல்லருந்தே இருந்தேன்.”