படம் காட்டாத மென்பொருள்

ஸ்ஃபாக்ஸ் நகரப் பொறியியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சிஹேம் கம்மூன் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். பட்டப்படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோனது. அப்பா படுத்த படுக்கையானதும் வேலைக்கு வந்தவள்தான். புதுக் கருவி எது வந்தாலும், பெட்டியைப் பிரித்ததும் அது எங்கே பொய் சொல்கிறது என்றுதான் முதலில் தேடுவாள். தராசானாலும் சரி, வெப்பமானியானாலும் சரி, அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: இது இவ்வளவு கூட்டிக் காட்டும், இவ்வளவு குறைத்துக் காட்டும்.

மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்தன. ஒரு ரொட்டி அளவுகூட இராது. அது தலைக்கு மேல் போகும்போது அதன் ரேடியோ ஒலியைப் பிடிக்க மூன்று இடத்திலும் ஆன்டெனா வைத்தார்கள். எப்போது வரும், எந்தத் திசையில் எழும் என்று சொல்ல, ஈர்ப்பு விசையையும் சுற்றுப்பாதையையும் கணக்கிடும் மென்பொருள் ஒன்று வேண்டும். பேராசிரியர் முக்தார் இரண்டைக் கொடுத்து, கணினியில் ஏற்றிவைக்கச் சொன்னார். எது நல்லது என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அவளாகவே சோதித்தாள். முதல் மென்பொருள் கண்ணைப் பறித்தது. நீலப் பூமி சுழலும், மேகம் நகரும், செயற்கைக்கோள் பின்னால் பொன் கோடு இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவதில் வெறும் எண்கள். வானியல் பித்துப் பிடித்த சிலர் எழுதி இலவசமாக விட்டது. சிஹேம் இரண்டிலும் பூமியையும் நிலாவையும் மட்டும் வைத்து, ஆயிரம் சுற்று ஓடவிட்டாள். வேறு எதுவும் இழுக்காதபோது நிலா அதே பாதையில்தான் வரவேண்டும். எண்கள் காட்டியதில் வந்தது. படம் காட்டியதில் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் விலகி, கடைசியில் நிலா பூமியை விட்டே ஓடிப்போனது. இன்னொன்றும் கண்டாள்: பூமி இடுப்பில் சற்றுப் பருத்தது, அந்தப் பருமன் செயற்கைக்கோளின் பாதையை நாளுக்கு நாள் திருகும். எண்கள் காட்டியது அதையும் கணக்கில் எடுத்தது; படம் காட்டியதற்குப் பூமி பந்துபோல உருண்டை.

நாலு பக்கம் எழுதி முக்தாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இளம் விரிவுரையாளர் அனீஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"மேடம், இது மென்பொருளா, டெலிபோன் டைரக்டரியா? மந்திரி வந்தா இதையா காட்டுறது?"

மற்ற இரண்டு கல்லூரிகளும் படம் காட்டுவதையே எடுத்துவிட்டன, நாம் மட்டும் தனியாகப் போனால் நன்றாயிராது என்றார் முக்தார். சிஹேம் ஆய்வுக்கூடத்து மூலையில் கிடந்த பழைய கணினியில் தன் எண்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ராக்கெட் ஏறியது. செயற்கைக்கோள் எங்கே, எந்த வேகத்தில் விடப்பட்டது என்ற விவரம் ஒரே ஒருமுறை வந்தது. முதல் நாள் ஒலி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மூன்று ஊர் ஆன்டெனாவும் பொன் கோட்டின் பின்னால் திரும்பித் திரும்பி ஓய்ந்தன. செத்துப் பிறந்த பிள்ளை என்று யாரோ சொன்னது கல்லூரி முழுக்கப் பரவியது. முக்தார் சாப்பாட்டுக்கூடத்துக்கு வருவதையே நிறுத்தினார்.

நாலாம் நாள் காலை சிஹேம் அவர் அறைக்கே போனாள். கையில் ஒரு தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உஸ்தாத், அது சாகல. நாமதான் அது இல்லாத எடத்துல தேடிக்கிட்டு இருக்கோம். இன்னிக்கு பத்து பதினேழுக்கு வடக்கே எழும்பும். உங்க திரையில பத்து முப்பத்தொண்ணுன்னு இருக்கும். ஒரே ஒரு தடவ என் கணக்குக்கு ஆன்டெனாவத் திருப்புங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"மூணு நாளா தப்பாத்தானே போய்க்கிட்டிருக்கு. கூட ஒண்ணு."

அவர் தாளை வரிவரியாகப் படித்தார். பிறகு மேசைமேல் இருந்த, ஆன்டெனா வைத்த மாடியின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பத்து மணிக்குள் மொட்டை மாடி நிறைந்துவிட்டது. அனீஸும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். ஆன்டெனா வடக்கே திரும்பியது. பத்து பதினேழு. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். அரை நிமிடம் போனது. கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வடக்கே அடுக்குமாடி மறைக்கிறது, அதைத் தாண்டி ஏற இன்னும் ஒரு நிமிடமாகும் என்றாள் சிஹேம்.

அதற்குள்ளாகவே வந்தது. இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய விசில். குட்டை, நீளம், நீளம், குட்டை. அவர்களே அதற்கு வைத்த பெயர், தந்தி மொழியில், தெளிவாக, திரும்பத் திரும்ப. முக்தார் தன் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினார். அது பக்கத்து மாடியில் போய் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒன்பது நிமிடம் அது பாடிக்கொண்டே தெற்கே கடலுக்கு மேல் போய் மறைந்தது.

முக்தார் அங்கிருந்தபடியே மற்ற இரண்டு கல்லூரிகளையும் தொலைபேசியில் அழைத்தார். எந்த மென்பொருள், யார் கணக்கு என்று கேட்டிருப்பார்கள் போல. "எங்க சிஹேம் கம்மூன்கிட்டப் பேசுங்க," என்று தொலைபேசியை அவளிடமே நீட்டினார். அவள் நின்றபடி பதினைந்து நிமிடம் விளக்கினாள். மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் பேசி முடிக்கும்வரை அனீஸ் காத்திருந்தான்.

"நான் பேசினது தப்பு மேடம். அந்த நாலு பக்கத்தை நான் படிக்கவே இல்ல. இப்பக் குடுங்க, படிக்கிறேன்."

"உஸ்தாத் மேசை மேலதான் இருக்கு, எடுத்துக்க," என்றாள்.

ஆன்டெனா நிலையத்துப் பதிவேட்டின் முதல் வரியில், இயக்குபவர் என்ற இடத்தில், முக்தார் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். அடுத்த சுற்று பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. யாரும் வகுப்புக்குப் போகவில்லை. யாரோ போய்ச் சூடாக டூனா மீனும் முட்டையும் அடைத்துப் பொரித்த பிரிக் வாங்கிவந்தார்கள். முட்டை வழிய வழியத் தின்றுகொண்டே சிஹேம் ஆன்டெனாவை மேற்கே திருப்பச் சொன்னாள். இந்த முறை எந்தப் பக்கம் என்று யாரும் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்கள்.